வலியில்லாத மஞ்சள்

கண்ணில் மஞ்சள் தட்டினால் திருவள்ளூர் மாவட்டத்துக் கிராமங்களில் முதலில் நினைவுக்கு வருவது கீழாநெல்லி. பொன்னேரி, கவரைப்பேட்டைப் பக்கம் வரப்போரத்தில் யாரும் விதைக்காமலே முளைத்துக் கிடக்கும் செடி. வேரோடு பிடுங்கிக் கழுவி, அரைத்து, மோரில் கரைத்து வெறும் வயிற்றில் குடிப்பார்கள். உப்பு, புளி, எண்ணெய் தள்ளிப் பத்தியம் இருப்பார்கள். சில வாரங்களில் பெரும்பாலோருக்கு மஞ்சள் இறங்கியும் விடுகிறது. நம் ஊரில் வரும் காமாலையில் பெரும்பங்கு, கெட்ட தண்ணீரில் பரவும் ஹெபடைடிஸ் ஏ, ஈ வைரஸ்களின் வேலை. அவை பெரும்பாலும் தாமாகவே தணிந்துவிடும். நல்ல பெயர் செடிக்குப் போகும்.

செடியை இளக்காரம் செய்ய இதைச் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழுவினர் ஹெபடைடிஸ் பி வைரஸ் உடலில் தங்கிவிட்டவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்துப் பார்த்து, 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். மருந்து சாப்பிட்ட 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் காணாமல் போயிருந்தது. வெற்றுப் பொடி சாப்பிட்ட 23 பேரில் ஒருவருக்குத்தான் அப்படி ஆனது. பிறகு வேறு நாடுகளில் நடந்த ஆய்வுகளில் அந்த முடிவு கிடைக்கவில்லை. அது தனிக் கதை. இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது ஒன்றுதான்: அந்த ஆய்வு வைரஸைப் பற்றியது. பித்தம் வடியும் குழாயே அடைபட்டு வரும் காமாலையை இலையாலும் திறக்க முடியாது, மாத்திரையாலும் திறக்க முடியாது. பித்தநாளப் புற்றுநோய் தலைகாட்டுவது பெரும்பாலும் அந்த இரண்டாவது வகைக் காமாலையாகத்தான்.

கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கும் மேல் பித்தம் சுரக்கிறது. செத்த சிவப்பணுக்களின் கழிவான பிலிருபின் அதில்தான் வெளியேறுகிறது. உணவிலுள்ள கொழுப்பைக் கரைக்கும் உப்புகளும் அதில்தான் வருகின்றன. கல்லீரலுக்குள் இலை நரம்புகளைவிட மெல்லியதாகத் தொடங்கும் நாளங்கள் ஒன்றோடொன்று சேர்ந்து, கடைசியில் வலது, இடது என இரண்டு நாளங்களாகி, கல்லீரலின் வாயிலில் ஒன்றுகூடுகின்றன. கும்மிடிப்பூண்டிப் பாதையில் போய் வருகிறவர்களுக்கு இதை விளக்குவது சுலபம். சென்ட்ரலிலிருந்து பேசின் பாலம் வழியாக ஒரு தடம், பீச்சிலிருந்து ராயபுரம் வழியாக ஒரு தடம். இரண்டும் கொருக்குப்பேட்டையில் சேர்ந்து ஒரே தடமாக வடக்கே போகின்றன. எண்ணூரில் பழுது என்றாலும் வண்டி நிற்கும், கொருக்குப்பேட்டையில் பழுது என்றாலும் நிற்கும். ஆனால் பழுது பார்ப்பவனுக்கு இரண்டும் வேறு வேறு வேலை. பித்தநாளப் புற்றிலும் அப்படியே. நாளங்கள் கூடும் சந்தியில் வருவது ஒரு வகை. கணையத்தைத் தொட்டுக்கொண்டு முன்சிறுகுடலில் இறங்கும் கீழ்ப்பகுதியில் வருவது இன்னொரு வகை. கல்லீரலுக்கு உள்ளேயே கிளை நாளத்தில் வருவது மூன்றாவது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை 31 ஆண்டுகளில் பார்த்த 564 நோயாளிகளில் பாதிப்பேருக்குச் சந்தியிலும், 42 சதவீதத்தினருக்குக் கீழ்ப்பகுதியிலும், 8 சதவீதத்தினருக்குக் கல்லீரலுக்குள்ளும் கட்டி இருந்தது.

சந்தியில் வரும் புற்றுக்கு ஜெரால்ட் கிளாட்ஸ்கின் பெயர் ஒட்டிக்கொண்டது. 1965-ல் அவர் 13 நோயாளிகளை விவரித்து எழுதினார். அந்தக் கட்டி மிகச் சிறியது. பல நேரம் ஒரு சுண்டைக்காய் அளவுகூட இருக்காது. ஆனால் உட்கார்ந்திருக்கும் இடம் அப்படி.

அடைப்புக் காமாலைக்கு அடையாளங்கள் தெளிவானவை. வெளியேற வழியில்லாத பிலிருபின் ரத்தத்துக்குத் திரும்புகிறது. கல்லீரல் அதை ஏற்கெனவே நீரில் கரையும்படி மாற்றிவிட்டதால் சிறுநீரில் இறங்கி அதைக் கருமஞ்சளாக்குகிறது. குடலுக்குப் பித்தம் போகாததால் மலம் நிறமிழந்து வெளுக்கிறது. ரத்தத்தில் பித்தப் பொருள்கள் தேங்குவதால் உடம்பெல்லாம் அரிப்பு. ராத்திரி தூங்க விடாத அரிப்பு. மஞ்சள் தெரிவதற்கு முன்பே அரிப்பு வந்து, தோல் டாக்டரிடம் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. காய்ச்சல் இருக்காது. வலியும் பெரும்பாலும் இருக்காது. பித்தக்கல் வந்தால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ராத்திரியே ஆஸ்பத்திரிக்கு ஓடுவார்கள். புற்று வந்தால் வலி இல்லையே என்று இன்னும் ஒரு வாரம் பத்தியம் இருப்பார்கள். பாசல் நகரத்து அறுவை மருத்துவர் லூட்விக் கூர்வோசியே 1890-லேயே ஒரு குறிப்பு சொன்னார்: காமாலையோடு பித்தப்பையும் வீங்கிக் கைக்குத் தட்டுப்பட்டால், அடைப்புக்குக் காரணம் கல்லாக இருக்க வாய்ப்பு குறைவு. நாளத்தின் கீழ்ப்பகுதிப் புற்றுக்கு அது இன்றும் பொருந்துகிறது. சந்தியில் அடைத்தால் பித்தப்பைக்கே பித்தம் வராது, அதனால் அங்கே கை ஏமாற்றும், ஸ்கேன்தான் பேசும்.

இந்த நோய்க்கு ஆபரேஷன் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதில் கோழிக்குஞ்சுகளுக்கு ஒரு பங்கு உண்டு. 1930-கள் வரை காமாலை முற்றிய நோயாளிகளைக் கத்தியால் தொடவே மருத்துவர்கள் அஞ்சினார்கள். தொட்டால் ரத்தம் நிற்காது. ஏன் என்று யாருக்கும் விளங்கவில்லை. டென்மார்க்கின் ஹென்ரிக் டாம் வேறொன்றுக்காகக் கோழிக்குஞ்சுகளுக்குக் கொழுப்பில்லாத தீனி போட்டு வளர்த்தபோது, அவை தோலுக்கடியில் ரத்தம் கசிந்து இறந்தன. ரத்தம் உறைய ஏதோ ஒரு பொருள் தேவை, அது கொழுப்போடு சேர்ந்து உடலுக்குள் போகிறது என்று கண்டு அதற்கு வைட்டமின் கே என்று பெயரிட்டார். 1943-க்கான நோபல் பரிசு அவருக்கும் எட்வர்ட் டாய்ஸிக்கும் கிடைத்தது. முடிச்சு அவிழ்ந்தது இப்படித்தான்: பித்தம் குடலுக்குப் போகாவிட்டால் கொழுப்பு செரிக்காது, கொழுப்பு செரிக்காவிட்டால் வைட்டமின் கே உடலில் சேராது, அது சேராவிட்டால் ரத்தம் உறையாது. நியூயார்க்கின் ஆலன் விப்பிள் 1935-ல் நாளத்தின் கீழ்முனைப் புற்றுக்குக் கணையத்தின் தலையையும் முன்சிறுகுடலையும் சேர்த்து எடுக்கும் ஆபரேஷனை இரண்டு கட்டமாகச் செய்து வெளியிட்டார். முதலில் காமாலையை வடித்துவிட்டு, உடம்பு தேறிய பிறகு கட்டியை எடுப்பது. வைட்டமின் கே ஊசி கைக்கு வந்த பிறகு 1940-ல் அதையே ஒரே கட்டமாகச் செய்ய முடிந்தது. இன்று சென்னை ஆஸ்பத்திரிகளில் 'விப்பிள்ஸ்' என்று வார்டு ஆயா வரை எல்லோரும் சொல்லும் ஆபரேஷன் அதன் வழிவந்ததுதான்.

கீழ்ப்பகுதிப் புற்றுக்கு விப்பிள்ஸ் என்றால், சந்தியில் வரும் புற்றுக்குக் கல்லீரலையே வெட்டவேண்டும். அது ஏன் என்பதுதான் இந்த அத்தியாயத்தின் கடினமான பகுதி.

பித்தநாளத்தின் சுவர் மெல்லியது. அதை ஒட்டியே கல்லீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் போர்ட்டல் சிரை ஓடுகிறது. வலது கல்லீரல் தமனி பெரும்பாலோருக்கு நாளத்தின் பின்பக்கமாகவே கடந்து போகிறது. புற்று கண்ணுக்குத் தெரியும் எல்லையோடு நிற்காமல் நாளத்தின் உட்தோலிலும், சுற்றியுள்ள நரம்பிழைகளிலும் சத்தமில்லாமல் ஊர்ந்து போகும். கையால் தொட்டுப் பார்த்தால் மிருதுவாக, நல்ல திசுவாகவே தோன்றும் இடத்தில் நுண்ணோக்கி வழியே புற்றணுக்கள் தெரியும். ஆகவே கட்டியை மட்டும் நறுக்கி எடுத்தால் மிச்சம் இருந்துவிடும். கட்டி எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கத்துக் கல்லீரல் பாதி, சந்திக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் வால் மடல், அந்த வாயிலைச் சுற்றியுள்ள நிணநீர்க் கணுக்கள் எல்லாம் சேர்ந்து வரவேண்டும். சந்திக்கு நேர் பின்னால் இருக்கும் வால் மடலின் சிறு நாளங்கள் சந்தியிலேயே வந்து திறப்பதால் அங்கே புற்று எளிதாக நுழைந்துவிடுகிறது. அதையும் விடாமல் எடுக்க வேண்டும் என்று 1990-ல் வலியுறுத்தியவர் ஜப்பானின் நாகோயாவைச் சேர்ந்த யூஜி நிமுரா. அதற்கு முன் பலர் அதை விட்டுவிட்டு வந்தார்கள். நோயும் அங்கிருந்தே திரும்பி வந்தது.

வலது பக்கமா, இடது பக்கமா என்பதில் உடற்கூறு ஒரு சலுகை தருகிறது. வலது நாளம் கல்லீரலுக்கு வெளியே ஒரு சென்டிமீட்டர் அளவே இருக்கும். இடது நாளம் அதைவிட நீளம். கட்டியிலிருந்து தள்ளி வெட்டுவதற்கு இடது பக்கம் இடம் அதிகம். அதனால் முடிந்தவரை வலது பாதியை எடுத்து இடது பாதியை வைக்கவே விரும்புகிறார்கள். தொல்லை என்னவென்றால், இடது பாதி சிறியது. நல்ல கல்லீரலென்றால் மொத்தத்தில் கால்பங்குக்குச் சற்று மேலிருந்தாலே ஆள் பிழைத்துக்கொள்வார். கல்லீரல் திரும்ப வளரும். வாரக்கணக்கில் பித்தம் தேங்கி ஊறிய கல்லீரலுக்கு அந்தத் தெம்பு இல்லை, அதற்கு 40 சதவீதம் வரை மிச்சம் வைக்க வேண்டியிருக்கிறது. இதற்கு மசதோஷி மகுச்சி என்ற இன்னொரு ஜப்பானிய மருத்துவர் 1980-களில் வழி கண்டார். எடுக்கப்போகிற பாதிக்குப் போகும் போர்ட்டல் சிரையை முன்கூட்டியே அடைத்துவிட்டால், ரத்தம் முழுவதும் மறுபாதிக்குத் திரும்பும். சில வாரங்களில் மறுபாதி பருக்கும். பிறகு வெட்டலாம். கத்தி வைப்பதற்கு முன்பே உடம்பை ஏமாற்றிக் கல்லீரலை வளர்த்துக்கொள்ளும் இந்த யோசனை, என் கணக்கில், கடந்த நூற்றாண்டின் அறுவை மருத்துவம் கண்ட அழகான யோசனைகளில் ஒன்று.

மேசையில் நடப்பது எட்டு, பத்து மணி நேர வேலை. நாளத்தின் வெட்டுமுனையைக் கொஞ்சம் நறுக்கி நோய்க்குறியியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். அங்கே உறையவைத்துச் சீவிப் பார்த்துப் புற்றணு இருக்கிறதா, இல்லையா என்று சொல்லும் வரை எல்லோரும் காத்திருப்பார்கள். இருந்தால் இன்னும் கொஞ்சம் மேலே வெட்ட வேண்டும், மேலே இடம் இருந்தால். கடைசியில் கல்லீரலின் வெட்டுமுகத்தில் மூன்று நான்கு மில்லிமீட்டர் அகலத்தில் சில வாய்கள் மிச்சமிருக்கும். சிறுகுடலின் ஒரு வளையத்தை மேலே இழுத்து அந்த ஒவ்வொரு வாயோடும் தைக்க வேண்டும். தையல் கசிந்தால் பித்தம் வயிற்றுக்குள் இறங்கும், சீழ் பிடிக்கும்.

ஆபரேஷனுக்கு முன் அடைபட்ட நாளத்துக்குள் ஸ்டென்ட் என்ற சிறு குழாயை வைத்து மஞ்சளை இறக்கவேண்டுமா என்பதில் ஒரு பெரிய திருப்பம் நடந்தது. இறக்கிவிட்டுச் செய்வதே நல்லது என்று நீண்ட காலம் நம்பினார்கள். கணையத் தலைப் புற்றால் அடைபட்ட 202 பேரை வைத்து நெதர்லாந்தில் நடந்த ஆய்வு 2010-ல் வெளிவந்தது. நேராக ஆபரேஷனுக்குப் போனவர்களில் 39 சதவீதத்தினருக்கும், முதலில் ஸ்டென்ட் வைத்துக்கொண்டவர்களில் 74 சதவீதத்தினருக்கும் கடுமையான சிக்கல்கள் வந்தன. அடைப்பு கீழே இருந்து, மஞ்சள் மிக அதிகமில்லாமல், ஆபரேஷன் சீக்கிரம் நடக்குமென்றால் ஸ்டென்ட் வேண்டாம் என்பது இதன் பொருள். சந்தி அடைப்பில் கதை வேறு. மிச்சம் வைக்கப்போகும் பாதியின் பித்தத்தை வடித்தே ஆக வேண்டும். எந்தப் பாதி மிச்சம் என்று தீர்மானிக்காமல் அவசரப்பட்டு எங்கோ ஒரு ஸ்டென்ட் வைப்பதுதான் நான் பார்த்தவரை நம்மூரில் அடிக்கடி நடக்கும் விபரீதம். ஸ்டென்ட் உள்ளே போன பிறகு எடுக்கும் ஸ்கேனில், நாளத்தின் தடிப்பு கட்டியாலா, ஸ்டென்ட் உராய்ந்த வீக்கத்தாலா என்று பிரித்தறிவது சிரமம். ஸ்டென்ட் வழியே கிருமியும் ஏறும்.

சரி, இத்தனை செய்தால் எத்தனை பேர் பிழைக்கிறார்கள்? நோயாளியின் மகன் கேட்கும் முதல் கேள்வி இது. இணையத்தில் தேடினால் 5 சதவீதம் என்றும் இருக்கும், 67 சதவீதம் என்றும் இருக்கும். இரண்டும் பொய்யில்லை. எந்த எண்ணையும் பார்த்தவுடன், அது யாரையெல்லாம் கணக்கில் சேர்த்து வந்தது என்று கேட்கப் பழக வேண்டும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையின் வில்லியம் ஜார்னகின் குழு 2001-ல் வெளியிட்ட கணக்கு இதற்கு நல்ல பாடம். சந்திப் புற்றோடு வந்தவர்கள் 225 பேர். அவர்களில் 65 பேருக்கு ஆபரேஷன் சாத்தியமில்லை என்று பரிசோதனைகளிலேயே தெரிந்தது. மிச்சம் 160 பேரின் வயிற்றைத் திறந்தார்கள். அதில் பாதிப்பேருக்குத் திறந்த பிறகே நோய் பரவியிருப்பது தெரிந்தது. கட்டியை எடுக்க முடிந்தது 80 பேருக்கு. அந்த 80 பேரிலும் வெட்டுமுனையில் புற்றணு இல்லாமல் சுத்தமாக எடுக்க முடிந்தவர்கள் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றுக் குறைவு. உலகத்திலேயே பெயர்பெற்ற ஆஸ்பத்திரியிலும் 225 பேர் இப்படித்தான் சுருங்கினார்கள். அந்தக் கடைசிக் கூட்டத்தின் பிழைப்பு விகிதத்தை மட்டும் விளம்பரத்தில் போட்டால் நோய் எளிதில் குணமாவது போலத் தோன்றும். மொத்தப் பேரையும் சேர்த்தால் கைவிட்டுவிடத் தோன்றும்.

இதை மனத்தில் வைத்துக்கொண்டு மற்ற எண்களைப் பார்க்கலாம். ஜான்ஸ் ஹாப்கின்ஸில் சுத்தமாக எடுக்கப்பட்டவர்களில் ஐந்தாண்டு தாண்டியவர்கள், கல்லீரலுக்குள் வந்த புற்றுக்கு 63 சதவீதம், சந்திப் புற்றுக்கு 30, கீழ்ப்பகுதிப் புற்றுக்கு 27. நாகோயாவில் 1977 முதல் 2010 வரை நடந்த 574 ஆபரேஷன்களை மசாதோ நகினோ 2013-ல் தொகுத்தார். ஆபரேஷன் ஆன அத்தனை பேரையும் சேர்த்தால் ஐந்தாண்டு தாண்டியவர்கள் மூன்றில் ஒரு பங்கு. வெட்டுமுனை சுத்தம், நிணநீர்க் கணுக்களிலும் புற்றில்லை, வேறெங்கும் பரவவில்லை என்றிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு. அதே ஆஸ்பத்திரி, அதே கைகள். கணுவில் நோய் ஏறியிருந்ததா, இல்லையா என்பது பாதி ஆயுளை முடிவுசெய்கிறது. கணுவில் நோய் ஏறுவதற்கும் காலதாமதத்துக்கும் உள்ள உறவைச் சொல்ல வேண்டியதில்லை.

நாகோயாக் கணக்கில் என்னை நிறுத்திய எண் வேறொன்று. 1990-க்கு முன் ஆபரேஷனாலேயே இறந்தவர்கள் 11 சதவீதம். கடைசி ஐந்தாண்டுகளில் அது 1.4 சதவீதம். கத்தி மாறவில்லை. எவ்வளவு கல்லீரல் மிஞ்சும் என்று அளந்து, பித்தம் வடித்து, சிரையை அடைத்து வளர்த்து, மாதக்கணக்கில் ஆயத்தம் செய்ததும், அதே குழு திரும்பத் திரும்பச் செய்ததும்தான் மாற்றம். திரும்பத் திரும்பச் செய்வதன் மதிப்பை அமெரிக்காவின் ஜான் பர்க்மெயர் 2002-ல் அளந்து காட்டினார். கணைய ஆபரேஷன்களை மிக அரிதாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் 16.3 சதவீத நோயாளிகள் இறந்தார்கள். மிக அதிகமாகச் செய்யும் ஆஸ்பத்திரிகளில் 3.8 சதவீதம். பளபளப்பான கட்டடம் எது என்று பார்ப்பதைவிட, இந்த ஆபரேஷனை வருஷத்துக்கு எத்தனை செய்கிறீர்கள் என்று கேட்பது மேல். கேட்கத் தயங்க வேண்டாம். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

ஆபரேஷனுக்குப் பிறகு கேப்சிடபின் மாத்திரை கொடுப்பது வழக்கமாகியிருக்கிறது. 447 பேரை வைத்து பிரிட்டனில் நடந்த பில்கேப் ஆய்வில் நடு ஆயுள் மாத்திரை எடுத்தவர்களுக்கு 51 மாதம், எடுக்காதவர்களுக்கு 36 மாதம். புள்ளியியல் வரம்பை அந்த வித்தியாசம் எட்டவில்லை என்றாலும் மருத்துவ உலகம் ஏற்றுக்கொண்டது. ஏற்றது சரி என்றே நினைக்கிறேன். ஆபரேஷன் முடியாதவர்களுக்கு ஜெம்சிடபினும் சிஸ்பிளாட்டினும் சேர்த்துக் கொடுத்தால் நடு ஆயுள் 8 மாதத்திலிருந்து ஏறக்குறைய 12 மாதமாகும் என்று 2010-ல் காட்டினார்கள். அதோடு நோய் எதிர்ப்பு மருந்தொன்றைச் சேர்த்தபோது 2022-ல் கிடைத்த கூடுதல், ஒரு மாதத்துக்குச் சற்று மேல்.

வெட்டி எடுக்க முடியாத சந்திப் புற்றுக்கு முழுக் கல்லீரலையும் மாற்றும் வழியை அமெரிக்காவின் மேயோ மருத்துவமனை 1993-ல் தொடங்கியது. மூன்று சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும், பரவியிருக்கக் கூடாது, முதலில் கதிர்வீச்சும் மருந்தும், பிறகு மாற்றுக் கல்லீரல். 12 மையங்களின் 287 பேரைத் திரட்டிய 2012-ஆம் ஆண்டுக் கணக்கில், மாற்றுக் கல்லீரல் கிடைத்தவர்களில் 65 சதவீதத்தினர் ஐந்தாண்டு நோய் திரும்பாமல் இருந்தார்கள். சிகிச்சை தொடங்கிய எல்லோரையும் சேர்த்தால் ஐந்தாண்டு உயிரோடிருந்தவர்கள் 53 சதவீதம். காத்திருக்கும் காலத்திலேயே நான்கில் ஒருவர் பட்டியலிலிருந்து விழுந்துவிட்டார். இங்கேயும் யாரைச் சேர்த்தோம் என்பதுதான் கேள்வி.

கும்மிடிப்பூண்டிக்காரருக்கு இதெல்லாம் எட்டாத உலகம் என்று நினைக்கத் தேவையில்லை. வயிற்று அறுவை மருத்துவத்தில் சென்னைக்கு நீண்ட பரம்பரை உண்டு. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை-குடல் அறுவை மருத்துவத்தைத் தனித்துறையாகக் கட்டியெழுப்பிய என். ரங்கபாஷ்யத்துக்கு 2002-ல் பத்ம பூஷண் கிடைத்தது. பழைய வடசென்னைக்காரர்கள் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்று சொல்லும் ஸ்டான்லியில் இதற்கென்றே தனித்துறை இருக்கிறது. அங்கே 2009-லேயே கல்லீரல் மாற்று ஆபரேஷனும் நடந்தது. கும்மிடிப்பூண்டியிலிருந்து பீச் போகும் மின்சார ரயிலில் ஏறினால் வண்ணாரப்பேட்டையிலோ ராயபுரத்திலோ இறங்கிவிடலாம். திருவள்ளூரில் 2022 ஜனவரியில் திறக்கப்பட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி முதல் பரிசோதனைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை பலரிடம் உண்டு. கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மாதம் 21,000 ரூபாய்க்குள் சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ உண்டு, ஒப்பந்தத் தொழிலாளிக்கும் சேர்த்து. ஸ்டான்லிக்கு ஒரு மணி நேரத்துச் சொச்சத்தில் போய்ச் சேரக்கூடிய ஊரில் ஒருவர் மூன்று மாதம் கழித்துப் போனால், அந்த மூன்று மாதம் தூரத்தால் வந்ததில்லை.

பீகார், உத்தரப் பிரதேசம், வங்காளம், அசாமிலிருந்து வந்து உருக்காலைகளில் வேலை செய்பவர்களைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். பித்தப்பைப் புற்று தமிழ்நாட்டில் குறைவு. கங்கைச் சமவெளியிலும் வடகிழக்கிலும் உலக அளவில் அதிகம். அது முற்றினால் பித்தநாளத்தை அழுத்தி இதே காமாலையைத் தரும். அங்கே பிறந்து வளர்ந்த நாற்பது, ஐம்பது வயதுத் தொழிலாளி மஞ்சளோடு வந்தால், சிப்காட் பக்கத்து மருத்துவர் மனத்தில் அது முன்னால் வர வேண்டும்.

பித்தநாளப் புற்று பெரும்பாலும் அறுபதைத் தாண்டியவர்களின் நோய். வடகிழக்குத் தாய்லாந்தில் பச்சை ஆற்றுமீன் சாப்பிட்டு உடலில் ஏறும் ஈரல் புழுவால் உலகத்திலேயே அதிகமாக வருகிறது. தொழிற்பேட்டைவாசிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அதைவிட ஒசாகாவுடையது. அங்கே ஓர் ஆஃப்செட் அச்சுக்கூடத்தில் மாதிரிப் படி அச்சிடும் பிரிவில் வேலை செய்த இளைஞர்கள் ஒருவர் பின் ஒருவராகப் பித்தநாளப் புற்றோடு வந்தார்கள். குமகாய் ஷின்ஜி என்ற தொழில்சார் நலவாழ்வு ஆய்வாளர் இதை 2012-ல் வெளிக்கொண்டுவந்தார். கடைசியில் 17 பேர் என்று தெரிந்தது. நோய் கண்டபோது அவர்கள் வயது 25-லிருந்து 45-க்குள். நிலத்தடி அறை, காற்றோட்டம் போதாது. உருளையிலுள்ள மையை ஒரு நாளில் நூற்றுக்கணக்கான தடவை கரைப்பானில் நனைத்த துணியால் துடைப்பதுதான் வேலை. அந்தக் கரைப்பானில் இருந்தவை 1,2-டைகுளோரோபுரொப்பேனும் டைகுளோரோமீத்தேனும். மூச்சில் ஏறும் இந்த ஆவியைக் கல்லீரல் வேறொரு பொருளாக மாற்றிப் பித்தத்தில் தள்ளுகிறது. அது போகும் வழியெல்லாம் நாளத்தின் உட்தோல். ஜப்பான் அரசு 2013-ல் இதைத் தொழில்நோயாக ஏற்று இழப்பீடு கொடுத்தது. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2014-ல் 1,2-டைகுளோரோபுரொப்பேனை மனிதருக்குப் புற்று உண்டாக்கும் முதல் தொகுதியில் வைத்தது. டைகுளோரோமீத்தேன் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

கும்மிடிப்பூண்டியில் ஒசாகா நடந்தது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஆனால் மெத்திலீன் குளோரைடு என்ற பெயரில் டைகுளோரோமீத்தேன் மருந்து ஆலைகளிலும், பெயின்ட் உரிப்பதிலும், உலோகத்தில் கிரீஸ் எடுப்பதிலும் எங்கும் புழங்குகிற சரக்கு. ஒசாகாவில் தொழிலாளிகளுக்குத் தாங்கள் துடைக்கும் திரவத்தின் பெயர் தெரியாது. இங்கே தெரியுமா என்று ஷிஃப்ட் மாறும் நேரத்தில் கேட்டுப் பாருங்கள். 'தின்னர்' என்பார்கள், 'கெமிக்கல்' என்பார்கள். ஒவ்வொரு பீப்பாயோடும் வரும் பாதுகாப்புத் தகவல் தாளைத் தொழிலாளி கேட்டு வாங்கலாம். தமிழில் எழுதி ஒட்டச் சொல்லலாம், இந்தியிலும் ஒட்டச் சொல்லலாம். முகத்தில் கட்டும் துணி ஆவியைத் தடுக்காது. காற்றை உறிஞ்சி வெளியேற்றும் விசிறிதான் தடுக்கும்.

இதைப் படிப்பவர் சிப்காட் பக்கத்து இஎஸ்ஐ மருந்தகத்து மருத்துவராகவோ, ஆலை நர்ஸாகவோ, வீட்டில் அரிப்பென்று சொறிந்துகொண்டிருக்கும் அப்பாவின் மகளாகவோ இருக்கலாம். மஞ்சளோடு மலம் வெளுத்து, சிறுநீர் கறுத்து, உடம்பு அரித்தால், வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், அந்த வாரமே ரத்தத்தில் பிலிருபினும் வயிற்றுக்கு ஓர் அல்ட்ராசவுண்டும் எடுத்துவிடுங்கள். நாளம் வீங்கியிருக்கிறது என்று வந்தால், ஸ்டென்ட் வைக்கச் சம்மதிக்கும் முன் சிடி ஸ்கேனும், பித்தநாளங்களைப் படமெடுக்கும் எம்ஆர்சிபி ஸ்கேனும் எடுத்து, இந்த ஆபரேஷனை வழக்கமாகச் செய்யும் ஓர் அறுவை மருத்துவரிடம் படங்களைக் காட்டிவிடுங்கள். கீழாநெல்லி குடிப்பதானால் அதையும் குடியுங்கள், ஸ்கேனைத் தள்ளிப்போடாதீர்கள்.